சிந்தாமணி தேடி இஸ்னிக் வரைக்கும்: ஒரு டிசைனரோட ஆறு நாள் டைரி

கிளம்புறதுக்கு முன்னாடி

நான் கரூர்ல ஹோம் டெக்ஸ்டைல் டிசைனர்ங்க. பதினாறு வருஷம் ஆச்சு. மேஜை விரிப்பு, பெட்ஷீட், கர்ட்டன், கிச்சன் டவல்னு வெளிநாட்டு பையர் அனுப்புற படத்தைப் பார்த்து ரிப்பீட் போட்டு கலர் பிரிச்சு குடுக்கிறதுதான் வேலை. இத்தனை வருஷத்துல அந்த ஒரு பூவை எத்தனை தடவை வரைஞ்சிருப்பேன்னு கணக்கே இல்ல. மூணு இதழ் கூர் கூரா நிமிர்ந்து நிக்கிற டூலிப், பக்கத்துல ரம்பம் மாதிரி ஓரம் வெட்டின கார்னேஷன், ரெண்டையும் சுத்தி வளைஞ்சு ஓடுற நீளமான இலை. என் கம்ப்யூட்டர்ல அதுக்கு "ஓட்டோமான் ஃப்ளோரல்"னு ஒரு ஃபோல்டரே இருக்கு. இன்னொரு ஃபைல்ல மூணு உருண்டை, கீழ ரெண்டு அலைக்கோடு, அதுக்கு நான் வெச்ச பேரு "த்ரீ டாட் வேவ்". அது எங்கிருந்து வந்துச்சு, யாரு முதல்ல வரைஞ்சாங்கன்னு கேட்டதே இல்ல. கொரோனா சமயத்துல வீட்ல இருந்தப்போதான் தேட ஆரம்பிச்சேன், தேடத் தேட எல்லா வழியும் துருக்கில ஏரிக்கரையோரமா இருக்குற, ஒரு காலத்துல பூப்போட்ட ஓடும் பாத்திரமும் செஞ்ச இஸ்னிக்னு ஒரு சின்ன ஊர்ல போய் முடிஞ்சுது. அப்பவே முடிவு பண்ணிட்டேன். நாலு வருஷம் சேர்த்து வெச்ச காசு, கூட என் தங்கச்சி, ஏப்ரல் கடைசி வாரம். தினமும் ராத்திரி ரூமுக்கு வந்ததும் எழுதிடணும்னு இருக்கேன்.

முதல் நாள், இஸ்தான்புல்

டோப்காப்பி அரண்மனை திறக்குற நேரத்துக்கே போயிட்டோம். கூட்டமெல்லாம் நகை இருக்குற பக்கம் ஓடுது, நாங்க நேரா சமையக்கட்டுக்குப் போனோம். 1574ல தீப்பிடிச்சதுக்கு அப்புறம் அரண்மனைக் கட்டடக் கலைஞர் சினான் திரும்பக் கட்டின இடம், மேல வரிசையா பெரிய பெரிய புகைபோக்கி. இப்போ அங்க அடுப்பு எரியறதில்ல, துருக்கியை ஆண்ட ஓட்டோமான் சுல்தான்கள் சேர்த்து வெச்ச சீனப் பீங்கானைத்தான் அடுக்கி வெச்சிருக்காங்க. மொத்த சேகரிப்பு பத்தாயிரத்துக்கும் மேல, சீனாவுக்கு வெளிய இவ்வளவு இருக்குற இடம் ரொம்ப அபூர்வம். ஒரு பக்கம் பச்சை கலந்த சாம்பல் நிறத்துல செலடான் பீங்கான், அதுல விஷம் கலந்த சாப்பாடு வெச்சா காட்டிக் குடுத்துடும்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சாம். இன்னொரு பக்கம் சீனாவோட யுவான், மிங் அரசர்கள் காலத்து நீலம் வெள்ளை.

அந்த நீலம் வெள்ளை தாம்பாளம் ஒண்ணு முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன். விளிம்பு முழுக்க கடல் அலை. பொங்கி வந்து நுரை தள்ளிட்டு அடுத்த அலைக்கு இடம் விடுற மாதிரி, கரையில நின்னு பார்த்த ஒருத்தரோட கை அது. இதை மனசுல வெச்சுக்கோங்க, மறுபடி வரும்.

1514ல சுல்தான் முதலாம் செலிம் பாரசீகத்து ஷாவை சால்திரான்ல ஜெயிச்சுட்டு அவரோட தலைநகர் தப்ரீஸுக்குள்ள போனப்போ, அங்கிருந்த பொருளோட கைவினைக்காரங்களையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்தாரு. அரண்மனைக்கு சீனப் பீங்கான் வந்த வழிகள்ல அதுவும் ஒண்ணு. அதைப் பார்த்த கண்ணுக்கு உள்ளூர் மண்சட்டி பிடிக்குமா? துருக்கில இன்னைக்கும் சுவர்ல பதிக்கிற அலங்கார ஓட்டுக்கும் பாத்திரத்துக்கும் "சினி"னுதான் பேரு, சீனாவோடதுன்னு அர்த்தம். நாம சீனச்சட்டின்னு சொல்றோம்ல, மதுரைப் பக்கம் சர்க்கரையை சீனின்னு சொல்றாங்கள்ல, அதே கதைதான்.

மத்தியானம் கீழ இறங்கி சினிலி கோஷ்க், 1472ல இரண்டாம் மெஹ்மெத் கட்டின ஓட்டு மாளிகை, இப்போ தொல்பொருள் மியூசியத்தோட ஒரு பகுதி. வெளிச்சுவர்ல ஓட்டைத் துண்டு துண்டா வெட்டிப் பதிச்ச வேலை, பாரசீகத்துல இருந்து வந்த முறை. உள்ள கரமான்ல இருந்து கொண்டு வந்த ஒரு முழு மிஹ்ராப், அதாவது மசூதில தொழுகைத் திசையைக் காட்டுற மாடம் நிக்குது, 1432ஆம் வருஷத்தது. அதுக்கப்புறம்தான் நான் தேடி வந்த பாத்திரம். 1480 வாக்குல இஸ்னிக்ல ஆரம்பிச்ச முதல் நீலம் வெள்ளை. இதைப் பார்த்ததும் நான் நெனைச்சுட்டு வந்தது தப்புன்னு தெரிஞ்சுது. சீனத்தை அப்படியே காப்பி அடிச்சிருப்பாங்கன்னு நெனைச்சேன், நிறம் மட்டும்தான் சீனம். கோடு வேற. பாதி "ரூமி"ன்னு சொல்ற பிளந்த இலைக்கொடி, மீதி "ஹதாயி"ன்னு சொல்ற தாமரை மாதிரியான பூ, ஹதாயின்னா ஹிதாய் தேசத்துப் பூ, அதாவது சீனத்துப் பூ. தாமரை சீனக் கலையில பெருசாப் பரவினது புத்த சமயத்தோட, அங்கிருந்து பாரசீகம், அங்கிருந்து இங்க, வர்ற வழியில அடையாளமே மாறிப்போச்சு, இதழ் மட்டும் இன்னும் அடுக்கடுக்கா இருக்கு. நீலத்தை இடமே விடாம அடைச்சு வரைஞ்சிருக்காங்க, பூவும் கொடியும் வெள்ளையா வெளிய வருது. பாபா நக்காஷ் பாணின்னு இதுக்குப் பேரு, மெஹ்மெத் காலத்து அரண்மனை ஓவியர் பேர்ல. நக்காஷ்னா வேலைப்பாடு செய்றவர். நாம நகைக்கடைல "நகாசு வேலை"ன்னு சொல்றோமே, அந்த நகாசும் இந்த நக்காஷும் ஒரே வேர்.

கால் வலி தாங்கல. தூங்கப் போறேன்.

ரெண்டாம் நாள், புர்சா

கப்பல்ல மர்மரா கடலைத் தாண்டி முதன்யா, அங்கிருந்து பஸ்ல புர்சா. இஸ்தான்புல்லுக்கு முன்னாடி ஓட்டோமான்களோட தலைநகர். இங்க வந்தது பச்சை மசூதிக்கும் பச்சைக் கல்லறைக்கும். 1421ல செத்துப்போன முதலாம் மெஹ்மெத்தோட கல்லறை அது. வெளிச்சுவர்ல நீங்க பார்க்குற பச்சை நீலம் ஒரிஜினல் இல்ல, 1855 நிலநடுக்கத்துல பழசு விழுந்து போய் அப்புறமா மாத்தினது. ஆனா உள்ள போனீங்கன்னா பழைய வேலை மூச்சை நிறுத்தும்.

இங்க இருக்குற டெக்னிக் எனக்கு உடனே புரிஞ்சுது. ஓட்டு மேல ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவுல எண்ணெய்ப்பசை கலந்த கறுப்புக் கோடு ஒண்ணு போடுறாங்க, சூளைல நிறம் உருகும்போது ஒண்ணோட ஒண்ணு கலக்காம அந்தக் கோடு தடுக்குது. நெல் வயல்ல வரப்பு கட்டி தண்ணியை நிறுத்துற மாதிரி நிறத்துக்கு வரப்பு. ஓரம் துல்லியமா நிக்குது, ஆனா கோடு எல்லா இடத்துலயும் ஒரே தடிமன், வேகமே இல்ல.

மசூதி மிஹ்ராப்ல "தப்ரீஸ் உஸ்தாக்களின் வேலை"ன்னு எழுதி வெச்சிருக்காங்க, உஸ்தான்னா கைதேர்ந்த வேலைக்காரர். வேலையை மேல்பார்த்த நக்காஷ் அலி புர்சாக்காரரேதான், மத்திய ஆசியாவுல இருந்து படையெடுத்து வந்த தைமூர், தன்னோட தலைநகர் சமர்கந்துக்கு அள்ளிட்டுப் போனவங்கள்ல ஒருத்தர், அப்போ சின்ன வயசு. அங்க கத்துக்கிட்டு திரும்பி வந்தவர். தூக்கிட்டுப் போனவன் ஊர் கலையையே இங்க கொண்டு வந்து சுவர்ல வெச்சுட்டாரு. இந்த ஒரு மனுஷனை நெனைச்சு நெனைச்சு மனசு கனத்துப் போச்சு. ஊரை விட்டுப் போறப்போ என்ன வயசு, அம்மா இருந்தாங்களா, திரும்பி வந்தப்போ பேச்சு மாறியிருந்துச்சான்னு கல்வெட்டு சொல்லாது. கோடுதான் சொல்லுது.

மூணாம் நாள், இஸ்னிக்

புர்சால இருந்து மினிபஸ், ஒன்றரை மணி நேரம், கடைசி அரை மணி நேரம் ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் ஆலிவ் தோப்பு. ஊருக்குள்ள நுழையறதே பழைய கோட்டைச்சுவர்ல இருக்குற வாசல் வழியாத்தான். இது பழைய நிகேயா. 325ல கிறிஸ்தவ பிஷப்புகள் கூடின முதல் பொதுச்சங்கம் இங்கதான் நடந்துச்சு. 1331ல ஓட்டோமான் சுல்தான் ஓர்ஹான் பிடிச்சாரு. பச்சை மசூதின்னு இங்கயும் ஒண்ணு இருக்கு, 1378ல ஆரம்பிச்சது, மினாரெட் மேல பச்சையும் நீலமுமா மினுக்குற செங்கல். நிலுஃபர் ஹாத்தூன் இமாரெத்னு 1388ல சுல்தான் முதலாம் முராத் தன்னோட அம்மா பேர்ல கட்டின தர்மச் சாப்பாட்டுக் கட்டடம் எதிர்லயே இருக்கு.

ஊர் நடுவுல, வீடுகளுக்கு நடுவுல, வேலி போட்ட பள்ளம் ஒண்ணு. பழைய சூளைகளைத் தோண்டி எடுத்த இடம். 1963ல இருந்து ஒக்தாய் அஸ்லானாபாங்கிற கலை வரலாற்றுப் பேராசிரியர் இங்க தோண்ட ஆரம்பிச்சாரு, அதுக்கப்புறம்தான் பல விஷயம் தெளிவாச்சு. ஏன்னா இந்தப் பாத்திரத்துக்கு ஐரோப்பாக்காரங்க வெச்ச பேரெல்லாம் தப்பு. மிலெட்டஸ்ல கிடைச்ச ஒரு செம்மண் வகையை "மிலெட்டஸ் பாத்திரம்"னாங்க. பச்சையும் ஊதாவும் கலந்த வகையை "டமாஸ்கஸ் பாத்திரம்"னாங்க. சிவப்பு இருக்குறதை "ரோட்ஸ் பாத்திரம்"னாங்க, காரணம் 1865ல இருந்து 1878க்குள்ள பாரிஸ் மியூசியம் ஒண்ணு ரோட்ஸ் தீவுல லிண்டோஸ்ல இருந்து நூத்துக்கணக்கான தட்டு வாங்கிச்சு, அதனால அங்கதான் செஞ்சாங்கன்னு முடிவு கட்டிட்டாங்க. செஞ்சவன் ஊரைச் சொல்லாம வித்த ஊரைச் சொல்ற வழக்கம் எனக்கு நல்லாத் தெரியும். எங்க கரூர் தறில நெய்ஞ்ச துணி எத்தனை ஊர் பேர்ல, எத்தனை லேபிள்ல விக்குது! அந்தப் பள்ளத்துல கவுந்து கிடக்குற உடைஞ்ச ஓட்டைப் பார்த்தப்போ ஒரு உறவு மாதிரி இருந்துச்சு.

பேரு போட்டவங்களும் கொஞ்சம் பேர் இருக்காங்க. 1510ல குதாஹியாங்கிற ஊரைச் சேர்ந்த ஆபிரகாம்ங்கிறவர் நினைவா ஒரு கெண்டி செஞ்சிருக்காங்க, அடியில ஆர்மீனிய எழுத்து, அது இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல. ஜெருசலேம்ல "டோம் ஆஃப் தி ராக்"னு சொல்ற பாறைக் குவிமாடத்துக்கு செஞ்ச விளக்கு ஒண்ணு, 1549னு வருஷம் போட்டு, முஸ்லின்னு கையெழுத்து போட்டு, இஸ்னிக்ல இருந்த எஷ்ரெஃப்ஸாதேங்கிற சூஃபி பெரியவரை வணங்கி எழுதியிருக்கு. இந்த விளக்கு மாதிரி வருஷம் போட்ட பொருளை வெச்சுத்தான் மத்ததை எந்தக் காலத்துதுன்னு வரிசைப்படுத்த முடிஞ்சுது. ஒரு குயவர் சாமிக்கு நேந்துக்கிட்டு எழுதின ஒரு வரி.

சாயங்காலம் ஏரிக்கரைல டீ. தங்கச்சி மீன் வறுவல் நல்லா இருக்குன்னு ரெண்டு பிளேட் சாப்பிட்டா. நான் அலையையே பார்த்துட்டு இருந்தேன். இது ஏரி அலை, சின்னது, நுரை தள்ளாது. அப்போதான் பொறி தட்டுச்சு. சீனத் தாம்பாளத்தோட அலை விளிம்பை இஸ்னிக்காரங்க எடுத்தாங்க, ஆனா வர்ற வர்ற அந்த அலை சுருண்டு சுருண்டு நத்தை ஓடு மாதிரி ஆயிடுச்சு, நடுவுல இருந்த நுரை கறுப்புப் புள்ளி புள்ளியா மாறிடுச்சு. புத்தகத்துல எல்லாம் அலையும் பாறையும்னு இதுக்குப் பேரு போட்டிருக்கு, பார்த்தா அலையும் தெரியாது பாறையும் தெரியாது. மூணு தலைமுறை கை மாறின கோடு. கடல் அலையைப் பார்க்காம தட்டுல இருந்த அலையை மட்டும் பார்த்து வரைஞ்ச கை. அதனால அது தப்பு இல்ல, புதுசு. தட்டோட விளிம்புல அந்தச் சுருள் ஓடுற வேகத்துக்கு சீன அலை நிக்காது, இது என் கருத்து, அடிச்சு சொல்வேன்.

நாலாம் நாள், இஸ்னிக்லயே

இன்னைக்குப் பூரா ஒரே பட்டறை. நாலு பேர் வேலை செய்ற சின்ன இடம், ஒரு அக்கா நடத்துறாங்க. துருக்கில அக்காவுக்கு "அப்லா"ன்னு சொல்லணும், நான் அப்லான்னு கூப்பிட்டதும் எழுந்து வந்து ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்துட்டாங்க. போன்ல மொழிபெயர்ப்பு ஆப் வெச்சுத்தான் பேச்சு, பாதி கை ஜாடை.

முதல்ல மண்ணு. மண்ணுன்னு சொல்றதே தப்பு, இஸ்னிக் பாத்திரத்துல முக்கால் பங்குக்கு மேல குவார்ட்ஸ், வெள்ளைக் கல்லை மாவா அரைச்சது. அதோட அரைச்ச கண்ணாடியும் கொஞ்சம் வெள்ளைக் களிமண்ணும். சீனப் பீங்கானோட வெண்மை வேணும், ஆனா சீனாவோட கயோலின் மண்ணும் இல்ல, அந்தச் சூட்டுக்கு சூளையும் இல்ல, அதனால இந்தக் கலவை. பிசைஞ்சா சப்பாத்தி மாவு மாதிரி இழுபடாது, புட்டுமாவு மாதிரி உதிரும், அதை வெச்சு சக்கரத்துல ஒரு அடி தாம்பாளம் தூக்குறது எவ்வளவு கஷ்டம்னு அக்கா செஞ்சு காட்டினாங்க, நடுவுல விரிசல் விட்டு அப்படியே உட்கார்ந்துடுச்சு. 1700 வாக்குல இந்த வித்தை ஊர்ல அத்துப் போச்சு. 1993ல ஆரம்பிச்ச இஸ்னிக் அறக்கட்டளையும், அதுக்கு முன்னாடி பின்னாடி தனியா உட்கார்ந்து சோதனை பண்ணின உஸ்தாக்களும் சேர்ந்துதான் திரும்பக் கண்டுபிடிச்சாங்க.

அப்புறம் படம் மாத்துறது. இதைப் பார்த்ததும் என் தங்கச்சியும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பேப்பர்ல டிசைன் வரைஞ்சு, கோடு மேல ஊசியால பொடிப்பொடியா ஓட்டை போட்டு, ஓட்டு மேல வெச்சு, துணில கட்டின கரித்தூளைத் தட்டி விடுறாங்க. பேப்பரை எடுத்தா புள்ளி புள்ளியா படம் நிக்குது. எங்க ஊர்ல ஆரி வேலை செய்ற அக்காங்க பட்டு பிளவுஸ் மேல ட்ரேசிங் பேப்பரை வெச்சு, மண்ணெண்ணெய்ல கரைச்ச பவுடரைப் பஞ்சால தேய்க்கிறது அச்சு அசல் இதேதான். என் தங்கச்சி ஆரி வேலை தெரிஞ்சவ, அந்தக் கரிப்பொட்டலத்தைக் கையில வாங்கி அவளே தட்டிட்டா, அக்கா அசந்து போயிட்டாங்க.

16ஆம் நூற்றாண்டுல சுல்தான் சுலைமான் காலத்துலயும் இப்படித்தான். இஸ்தான்புல் அரண்மனை ஓவியக்கூடத்துல படம் வரைவாங்க, பேப்பர்ல இங்க அனுப்புவாங்க, இங்க சுடுவாங்க. அதே படம் சுல்தானோட அங்கிலயும், புத்தக ஓரத்துலயும், கூடாரத்துலயும் இருக்கும். அந்தக் கூடத்துக்குத் தலைவரா இருந்தவர் ஷா குலு, தப்ரீஸ்ல இருந்து வந்தவர், நான் முதல் நாள் சொன்னேனே, அந்தப் போருக்கு அப்புறம். நீளமா வளைஞ்சு, ஓரம் வாள் மாதிரி வெட்டின இலை இருக்கே, ஒரு பூவைக் குத்திக்கிட்டு மறுபக்கம் வர்ற இலை, சாஸ் பாணி, அது அவர் கொண்டு வந்தது. 1550கள்ல அவர் போனதும் அவரோட மாணவர் கரா மெமி வந்தாரு. அவர்தான் தோட்டத்துக்குள்ள போனவர். டூலிப், கார்னேஷன், ரோஜா, ஹயசிந்த்னு இஸ்தான்புல் தோட்டத்துல நெஜமாப் பூக்குற பூவை, தெரிஞ்ச பூவா, பேர் சொல்லக்கூடிய பூவா வரைஞ்சாரு. என் கம்ப்யூட்டர்ல இருக்குற அந்த டூலிப் அவரோட வழிவந்தது. இத்தனை வருஷம் பேர் தெரியாம வரைஞ்ச ஒரு மனுஷனோட பேரு இன்னைக்கு அக்கா வாயால கேட்டேன், எழுதி வாங்கிட்டு வந்துட்டேன்.

கறுப்பு அவுட்லைன் போட கழுதைப் பிடரி முடியில செஞ்ச பிரஷ். முடி நீளம், நுனி ஒத்தை மயிர். ஒரே மூச்சுல இழுக்கணும், நடுவுல நிறுத்தினா அங்க குண்டு விழும், சுட்டதுக்கு அப்புறமும் அந்தக் குண்டு அப்படியே இருக்கும். நான் வரைஞ்ச முதல் மூணு ஓடும் குண்டு குண்டாத்தான் வந்துச்சு. மவுஸ் பிடிச்ச கைக்கு பிரஷ் பிடிக்கவே அரை நாள் ஆச்சு.

கடைசியா சிவப்பு. இதுக்காகத்தான் வந்தேன்னே சொல்லலாம். நீலம், பச்சை, ஊதா எல்லாம் தண்ணியா ஓடுற நிறம். சிவப்பு மட்டும் இரும்புச்சத்து இருக்குற ஒரு மண்ணு, ஆர்மீனியா மண்ணுன்னு பேரு. அதைக் கெட்டியா கரைச்சு மேல வைக்கணும், தீட்டக் கூடாது, வைக்கணும். மருதாணி காயறதுக்கு முன்னாடி கையைத் தடவினா புடைச்சிட்டு இருக்குமே, அப்படி. மேல கண்ணாடி மாதிரி கிளேஸ் பூச்சு போட்டு சுட்டதுக்கு அப்புறமும் புடைப்பு போகாது. அக்கா ஒரு பழைய சாம்பிள் ஓட்டைக் கண்ணை மூடிட்டுத் தடவச் சொன்னாங்க. நீலம் எங்கன்னு விரலுக்குத் தெரியல. சிவப்பு தெரிஞ்சுது. ஒவ்வொரு இதழா விரலால எண்ண முடிஞ்சுது.

ஆனா ரொம்பப் பிடிவாதமான நிறம் இது. சூடு கொஞ்சம் தப்பினா பழுப்பாயிடும், அதிகமாப் பூசினா உரிஞ்சு வந்துடும். 1557ல முடிஞ்ச சுலைமானியே மசூதி ஓட்டுலதான் இது ஒழுங்கா முதல்ல தெரியுது. நல்ல சிவப்பு ஒரு அம்பது வருஷம்கூட முழுசா நிக்கல, 1600க்கு அப்புறம் மங்க ஆரம்பிச்சிடுச்சு. காரணம் கலை இல்ல, காசு. அரண்மனை ஒரு விலை நிர்ணயம் பண்ணிடும், வெளிய விலைவாசி ஏறிக்கிட்டே போகும், இவங்களுக்கு அதே கூலி. அதனால வெளி ஆளுக்கு வித்தாங்க, அரண்மனை வேலை தாமதமாச்சு, எங்க வேலையை முடிக்காம யாருக்கும் செய்யாதேன்னு இஸ்னிக் காதிக்கு, அதாவது ஊர் நீதிபதிக்கு, உத்தரவு மேல உத்தரவு வந்துச்சு. 17ஆம் நூற்றாண்டு நடுவுல இங்க வந்த எவ்லியா செலெபிங்கிற ஓட்டோமான் பயணி, ஒரு காலத்துல முந்நூறு பட்டறை இருந்துச்சு, இப்போ ஒம்பதுதான்னு எழுதி வெச்சிருக்காரு. ஆர்டர் குடுக்குறவன் ரேட்டை ஏத்தாம குவாலிட்டியை மட்டும் கேட்டா என்ன ஆகும்னு எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

கெளம்புறப்போ ஒரு ஓட்டுல நான் ஒரு டூலிப் வரைஞ்சேன். மூணு இதழ். சிவப்பை நானே வெச்சேன். சுட்டு போட்டோ அனுப்புறேன்னு அக்கா சொன்னாங்க.

அஞ்சாம் நாள், குதாஹியா

பஸ் மாறி மாறி வந்தோம், பாதி நாள் ரோட்டுலயே போச்சு, மழை வேற. அதனால சுருக்கமா எழுதுறேன். இஸ்னிக் ஓய்ஞ்சதும் இந்த வேலை குதாஹியாவுக்கு வந்துடுச்சு, இங்கயும் ஆர்மீனியக் குயவர்கள் நிறைய. 18ஆம் நூற்றாண்டுல சின்னச் சின்ன காபி கப்பு, மஞ்சள் நிறம் சேர்த்து, கைக்கு அடக்கமா. இந்த கப்பு செய்றவங்க 1766ல கூலி என்ன, விலை என்னன்னு உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதியிருக்காங்க. முதல் உலகப்போர் முடிஞ்சதும் டேவிட் ஒஹானெஸ்ஸியன்னு இந்த ஊர் ஆர்மீனியர் ஒருத்தர் பாறைக் குவிமாடத்து ஓட்டைச் சரி பண்ண ஜெருசலேமுக்குப் போனாரு, இந்த ஊர்ல இருந்து துரத்தப்பட்டு ஏற்கனவே அகதியா ஆனவர். அங்கேயே பட்டறை வெச்சுட்டாரு, ஜெருசலேம்ல இன்னைக்கும் அந்த வேலை நடக்குது.

இங்க கிடைச்ச ஒரு சின்ன சந்தோஷம். காபிக் கடைல கப்புக்கு "ஃபின்ஜான்"னு சொன்னாங்க. ரெண்டு தடவை கேட்டேன். பாரசீகத்துல பிங்கான்னா கிண்ணம், அது அரபி வழியா துருக்கிக்குப் போய் ஃபின்ஜான் ஆச்சு, நம்ம பக்கம் வந்து பீங்கான் ஆச்சு. அந்த கப்பு ஒண்ணு வாங்கிட்டேன். அம்மாவுக்கு.

ஆறாம் நாள், மறுபடி இஸ்தான்புல்

ருஸ்தம் பாஷா மசூதி, சினான் கட்டினது. ருஸ்தம் பாஷா சுலைமானோட மருமகன், பெரிய வசீர், அதாவது தலைமை அமைச்சர், 1561ல செத்துட்டாரு, மசூதி அதுக்கு அப்புறம்தான் முடிஞ்சுது. கீழ பூரா கடை, சாமான் ஏத்தி இறக்குற சத்தம், ரெண்டு கடைக்கு நடுவுல இருட்டுப் படிக்கட்டு, ஏறி வந்தா திடீர்னு சுவர் முழுக்கத் தோட்டம். வேற வேற டூலிப் எத்தனைன்னு எண்ண ஆரம்பிச்சு இருபத்தி மூணுல விட்டுட்டேன். இதழுக்குள்ள செதில் போட்ட டூலிப், இதழுக்குள்ள இன்னொரு குட்டிப் பூ இருக்குற டூலிப். டூலிப்புக்கு துருக்கில லாலேன்னு பேரு, லாலேன்னு எழுதுறதும் அல்லாஹ்னு எழுதுறதும் பழைய அரபி எழுத்துல ஒரே எழுத்துகள்தான், மசூதிச் சுவர்ல இந்தப் பூ இவ்வளவு இருக்கறதுக்கு அது ஒரு காரணம்னு சொல்வாங்க. ஜன்னல் வெளிச்சம் சாய்ஞ்சு விழுற இடத்துல நின்னு பார்த்தா சிவப்பு மட்டும் சுவரை விட்டு ஒரு நூல் முன்னாடி நிக்குது. தொடல. விரலுக்கு ஏற்கனவே தெரியும்.

சுவர்ல ஒரு பக்கம் என்னோட "த்ரீ டாட் வேவ்"! மூணு உருண்டை. சிலர் இதைச் சிறுத்தைப் புள்ளின்னு சொல்வாங்க, அலைக்கோட்டைப் புலிவரின்னு சொல்வாங்க, வீரத்துக்கு அடையாளம்னு சுல்தான்கள் அங்கில போட்டிருக்காங்க. ஆனா அந்த டிசைனுக்கு துருக்கில வழங்குற பேரு என்ன தெரியுமா? சிந்தாமணி. நம்ம சிந்தாமணியேதான், நெனைச்சதைக் குடுக்குற மணி. புத்த சமயத்தோட மூணு மணியா மத்திய ஆசியா பூராவும் சுத்தி இங்க வந்து சேர்ந்ததுன்னு சொல்றாங்க. ராத்திரியே அந்த ஃபைல் பேரை மாத்திட்டேன்.

கடைசியா ஹாகியா சோஃபியா பக்கத்துல இரண்டாம் செலிமோட கல்லறை, 1577ல முடிஞ்சது, இதுவும் சினான் வேலைதான். வாசலுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ரெண்டு ஓட்டுப் படல். வலது பக்கம் இருக்கறது இஸ்னிக்ல செஞ்சது. இடது பக்கம் இருக்கறது பிரான்ஸ்ல செஞ்ச நகல். 19ஆம் நூற்றாண்டு கடைசில ஆல்பர் சோர்லின் தோரிஞின்னு ஒரு பிரெஞ்சு பல் டாக்டர், ரிப்பேர் பண்ணித் தர்றேன்னு ஒரிஜினலை எடுத்துட்டுப் போய் நகலைக் கொண்டு வந்து பதிச்சுட்டாரு. ஒரிஜினல் இப்போ லூவ்ர்ல. விவரத்தைப் பலகைல எழுதி வெச்சிருக்காங்க. படிக்கப் படிக்க கோபம் வந்துச்சு, ஒரு கல்லறை வாசல்ல போய் இப்படிப் பண்ணுவாங்களா.

அரை மணி நேரம் ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தேன். நகல் செய்றது என் பொழப்பு, அதனால எனக்கு இது முக்கியம். இடது பக்கம் எல்லாக் கோடும் சரியான இடத்துல இருக்கு, ஒரு இலை கூட விட்டுப் போகல. ஆனா நிறம் கிளேஸுக்கு அடியில உட்காரல, சோர்ந்து போயிருக்கு, கோட்டுல தடிமன் ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. வரைஞ்சவர் பூவைப் பார்க்கல, அளவைப் பார்த்திருக்காரு. சீன அலையை நத்தையா மாத்தின அந்த இஸ்னிக் கை அளவைப் பார்க்கவே இல்ல. அந்தக் கைதான் எனக்கு வேணும். அடுத்த ஆர்டருக்கு அந்த அலை ஓரத்தை ட்ரேஸ் பண்ணாம, பத்து நாள் பிரஷ்ல போட்டுப் பழகிட்டு என் கை போற போக்குல வரைஞ்சு அனுப்பப் போறேன். பையர் திருப்பி அனுப்பினா மறுபடி வரையறேன்.

இதை எழுதிட்டு இருக்கும்போதே இஸ்னிக் அக்காகிட்ட இருந்து போட்டோ வந்துடுச்சு. என் ஓடு சூளையை விட்டு வெளிய வந்துடுச்சு. ரெண்டு இதழ் நல்ல சிவப்பு, தக்காளி மாதிரி. மூணாவது இதழ் பழுப்பாயிடுச்சு, அந்த இடத்துல நான் மெல்லிசா வெச்சிருக்கேன். தண்டுல நான் நிறுத்தின இடத்துல ஒரு குண்டு. தங்கச்சி போட்டோவைப் பெருசு பண்ணிப் பண்ணி பார்த்துட்டு இருக்கா. ஓட்டை கூரியர்ல அனுப்பவான்னு அக்கா கேட்டிருக்காங்க, அட்ரஸ் தட்டிக்கிட்டு இருக்கேன்.